ஊழும் இரண்டாவது கேபிளும்

வருவது வந்தே தீரும் என்றால் முன்கூட்டித் திட்டம் எதற்கு? திருக்குறளில் 'ஊழ்' ஓர் அதிகாரம், 'ஆள்வினையுடைமை' இன்னோர் அதிகாரம். முன்னது விதியை மிஞ்ச எதுவுமில்லை என்கிறது. பின்னது விடாமல் முயல்கிறவன் விதியையே தோற்கடிக்கலாம் என்கிறது. அலுவலகக் கணினி வலையமைப்புக்கு ஃபைபர் கேபிள் இழுக்கத் திட்டம் போடுகிறவரும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறார்.

இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்து மாங்கேணியை எடுத்துக்கொள்வோம். வாழைச்சேனையிலிருந்து வாகரைக்குப் போகும் திருகோணமலை வீதியில் உள்ள கரையோர ஊர். கிழக்கே கடல், உட்பக்கம் வாவியும் தாழ்நிலமும். சற்று வடக்கே, பனிச்சங்கேணியில், வீதி பாலத்தின் மேல்தான் தண்ணீரைக் கடக்க வேண்டும். 1978 நவம்பர் சூறாவளி, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, 2011 ஜனவரி வெள்ளம் எல்லாவற்றையும் கண்ட மாவட்டம் இது. இங்கே "கேபிள் அறாது" என்று யார் சத்தியம் செய்வார்?

ஒரே வளவில் இரண்டு கட்டடங்களோடு ஓர் அலுவலகம் இங்கே அமைகிறது என்று வைப்போம். செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. மாரிகால மின்னல் தாக்கினால் அதன் வழியே மின்சாரம் பாய்ந்து இரு பக்கக் கருவிகளையும் கருக்கிவிடலாம். உலோகம் கலக்காத ஃபைபரில் அந்தப் பயம் இல்லை. ஆனால் ஃபைபரின் கண்ணாடி இழைக்கும் ஒரு விதி எழுதப்பட்டிருக்கிறது. கேபிள் விட்டத்தின் பத்து மடங்குக்கும் குறைந்த ஆரத்தில் மடக்கினால் ஒளி வெளியே கசியும். இழுக்கும் நேரத்தில் இருபது மடங்காவது விட வேண்டும். இந்த விதியை எந்த முயற்சியாலும் மாற்ற முடியாது. அதை அறிந்து மூலைகளில் தாராளமாகத் திருப்புவதுதான் முயற்சி.

அடுத்தது, வளவுக்குள்ளும் வெளி இணையத்துக்கும் இரண்டாவது வழி. ஒன்று அறும் என்று நினைத்தே இன்னொன்றைப் போடுவது அவநம்பிக்கை அல்லவா? வைகாசியில் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி செய்து மழை வேண்டுகிற விவசாயி, வயலுக்குப் போய் வரம்பையும் கட்டுகிறார். அருகிலுள்ள ஓட்டமாவடியின் முஸ்லிம்களைக் கேட்டால், ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்புச் சாட்டச் சொன்ன நபிமொழியை நினைவூட்டுவார்கள். எல்லாம் நியதிப்படியே நடக்கும் என்ற பழங்கால ஆசீவக மதத்தவர் மட்டும் இரண்டாவது கேபிளை வீண்செலவு என்றிருப்பார். அவரும் வழியில் பள்ளம் இருந்தால் சுற்றித்தான் போயிருப்பார்!

சிக்கல் வேறிடத்தில்: இரண்டு கேபிளும் ஒரே வழியில் போவதில். 2001 ஜூலை 18 அன்று அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில், ஹோவர்ட் வீதிச் சுரங்கத்துக்குள் சரக்கு ரயில் தடம்புரண்டு தீப்பிடித்தது. பல நிறுவனங்களின் ஃபைபர் கேபிள்கள் அந்த ஒரே சுரங்கத்தில் ஓடின. ஒரே தீ அத்தனையையும் பதம்பார்த்தது. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே இரண்டு கடலடிக் கேபிள்கள் பழுதாக, இந்தியா வரை இணையம் தள்ளாடியது. கணக்கில் இரண்டு, தலையெழுத்து ஒன்று.

மாங்கேணியில் இதே தவறு சுலபமாக நடக்கும். அதே வீதியோரம், அதே கானுக்குப் பக்கத்தில் இன்னொரு குழாய் புதைத்தால் வெள்ளத்துக்கு இரண்டும் ஒன்றுதான். நிலம் ஒரே வழியைத்தான் தருகிறது என்றால், மாற்று வழி ஆகாயத்தில் இருக்க வேண்டும்: வேறொரு கோபுரத்திலிருந்து வரும் வானலை இணைப்பு. வளவுக்குள் மட்டும் இரண்டு ஃபைபர் பாதைகளையும் கட்டடத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் நுழைக்கலாம். நான்கு இழை போதுமான இடத்தில் பன்னிரண்டு இழைக் கேபிள் போடுவதும் நல்லது. காசு பெரும்பாலும் கிடங்கு வெட்டத்தான் போகிறது. மிச்ச எட்டும் பின்னால் வருகிறவர்களுக்கு.

இணைப்பு அறுந்ததும் "விதி" என்று கைவிரிப்பவர்களில் பலர் பாதையை ஒருமுறைகூட நடந்து பார்த்திருப்பதில்லை. அவர்கள் ஊழைப் பழிப்பது நியாயமே இல்லை. அலுவலகத்துக்கு இணைப்பு எடுக்கிறவர்கள், இரண்டாவது கேபிள் எந்த வீதியால், எந்தப் பாலத்தால் வருகிறது என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே வரைபடமாகக் கேட்டு வாங்குங்கள்.