கதைப் புத்தகமும் இறையச்சமும்



நாவல் படித்தால் பிள்ளைகளின் ஈமான் கெட்டுவிடுமா என்ற கேள்வி நம்மவர் கூடும் இடங்களில் அடிக்கடி எழுகிறது. கெடும் என்போர் திருமறையின் லுக்மான் ஸூராவை ஆதாரமாகக் காட்டுவர். வீண் பேச்சை விலைகொடுத்து வாங்கி மக்களை வழிதிருப்புவோரை அந்த ஸூராவின் 6ஆம் வசனம் கண்டிக்கிறது. நள்ரு இப்னு ஹாரித் என்பவனைக் குறித்தே இவ்வசனம் இறங்கியதென விரிவுரையாளர் பலர் எழுதியுள்ளனர். இந்த நள்ரு யார்? நம்மைப்போல ஒரு வியாபாரிதான்! பாரசீகப் பக்கம் வணிகத்துக்குப் போனவன், ருஸ்தம், இஸ்பந்தியார் கதைகளையும் சரக்கோடு சரக்காகக் கொண்டுவந்தான். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பேச்சைக் கேட்கவிடாமல் குறைஷிகளைத் தன்பக்கம் இழுக்கவே அவற்றைச் சொன்னான். அவனது குற்றம் அந்த எண்ணத்தில் இருந்தது. கதை சொல்வதே குற்றமாக இருந்தால், யூசுஃப் (அலை) அவர்களின் சரித்திரத்துக்கென்று 111 வசனங்கள் கொண்ட ஒரு ஸூராவே இறங்கியிருக்குமா? அது நடந்த வரலாறு, நாவலோ கற்பனை. அந்த வேற்றுமையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் மனிதனின் நெஞ்சுக்குள் நுழையக் கதை நல்ல வாசல் என்பது அதிலிருந்தே விளங்குகிறதன்றோ?

அந்த வாசலை நம் முன்னோரும் பயன்படுத்தினர். 12ஆம் நூற்றாண்டில் அந்தலூஸில் வாழ்ந்த வைத்தியரும் ஞானியுமான இப்னு துஃபைல், 'ஹய் இப்னு யக்ளான்' என்ற கதையை எழுதினார். ஆளில்லாத தீவில் ஒரு குழந்தையை மான் பாலூட்டி வளர்க்கிறது. மான் இறந்ததும், அதை இயக்கிய பொருள் எங்கே போயிற்று என்று தேடத் தொடங்கும் அப்பிள்ளை, நாளடைவில் படைத்தவனைக் கண்டுகொள்கிறான். 1671இல் ஆக்ஸ்போர்டில் லத்தீன் மொழியில் வெளியான இக்கதை ஐரோப்பியரையும் சிந்திக்க வைத்தது. தமிழில் கண்டிச் சீமையின் சித்திலெப்பை அவர்கள் 1885இலேயே 'அஸன்பே சரித்திரம்' எழுதினார்கள். ஆகவே நாவல் நமக்கு அந்நியச் சரக்கன்று.

நிற்க. இன்று நாம் சொல்ல வந்தது வேறொரு புத்தகம். தோப்பில் முஹம்மது மீரான் அவர்களின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'. மீரான் அவர்கள் 1944இல் தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்தார்கள். திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்துகொண்டே எழுதினார்கள். 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்த இந்நாவல் 1988இல் நூலாயிற்று. வேறொரு நாவலுக்காக 1997இல் சாகித்திய அகாதமி பரிசும் பெற்று, 2019இல் மறைந்தார்கள். தராசு பிடித்த கை எழுதிய புத்தகம் என்பதாலேயே நமக்கு அதன்மேல் ஒரு தனிப் பிரியம்.

கதையில் ஒரு பெரிய முதலாளி. ஊரே அவர் வாய்ச்சொல்லுக்கு நடுங்குகிறது. ஆங்கிலப் பள்ளிக்கூடம் வரப்போகிறதென்றால் அது காபிர்களின் படிப்பு, ஆகாது என்கிறார். வெளியூரிலிருந்து வந்திறங்கும் ஒரு தங்ஙளை ஊரார் அவ்லியாவாக எண்ணி ஏமாறுகின்றனர். எதிர்த்து நிற்பவர் சுறாப்பீலி வியாபாரி மஹ்மூது ஒருவரே. படித்துக்கொண்டே போகும்போது ஓரிடத்தில் நமக்குத் திக்கென்றது. இவ்வூரார் அல்லாஹ்வுக்கு அஞ்சுகிறார்களா, முதலாளிக்கு அஞ்சுகிறார்களா? தம் செல்வாக்குக்குக் குறைவு வரும்போதெல்லாம் மார்க்கத்தின் பெயரைச் சொல்கிறார் முதலாளி. கேட்பவர்களோ அதையே அல்லாஹ்வின் கட்டளையாக எண்ணித் தலை குனிகிறார்கள். நாளடைவில் அவர்கள் நெஞ்சில் ரஹ்மானும் ரஹீமுமானவன் இருந்த இடத்தில், முதலாளியைப் போலவே கோபக்காரனான, முகஸ்துதியை விரும்புகிற ஒரு எஜமான் வந்து உட்கார்ந்துவிடுகிறான். நாலு பயான் கேட்டும் விளங்காத இவ்விஷயம் இருநூறு பக்கக் கதையில் விளங்கியது. மனிதருக்கு அஞ்சாமல் தனக்கே அஞ்சும்படி அல்லாஹ் ஐந்தாம் ஸூராவில் ஏவுவதை எத்தனை முறை ஓதியிருப்போம்!

சிராங்கூன் சாலைப் பக்கம் கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் சென்ற ஆண்டு நம்மிடம் வருந்திச் சொன்னார். அவர் மகன் இந்நாவலைப் படித்தான். சில நாள் கழித்து, சம்பளப் பாக்கி கேட்ட கடைப்பையனிடம் அவர், "ரிஸ்கு கொடுப்பவன் அல்லாஹ், கொஞ்சம் பொறு" என்றாராம். மகன் அருகில் இருந்து, "அத்தா, பொறுக்கச் சொன்னது அல்லாஹ்வா, நீங்களா?" என்று கேட்டுவிட்டான். "பையனின் ஈமான் போய்விட்டதே!" என்பது அவரது கவலை. நாமோ, அன்றுதான் அவன் ஈமான் வாயைத் திறந்திருக்கிறது என்றோம். அவருக்கு நம்மேல் வருத்தம். இருக்கட்டும்.

சம்பள காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் தரவேண்டுமென்பது இந்நாட்டுச் சட்டம். வியர்வை உலருமுன் என்ற கெடுவை நமக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வைத்துச் சென்றார்கள். இரண்டையும் தாண்டிவிட்டு அல்லாஹ்வின் பெயரைச் சொல்லும்போது, அந்தக் கடைப்பையன் அல்லாஹ்வை எப்படிப்பட்டவன் என்று எண்ணிக்கொள்வான்? பெண்பிள்ளையின் மேற்படிப்பை நிறுத்தும்போதும் "மார்க்கம் அப்படி" என்கிறோம். மார்க்கமா, செலவுக்கணக்கா? சரக்கின் குறையை மறைத்து விற்றுவிட்டு, "எல்லாம் அவன் நாட்டம்" என்கிறோமே, அது யாருடைய நாட்டம்? நம் கடை சிறியதுதான். ஆனால் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தால் நமக்குள்ளும் அந்தத் தேங்காய்ப்பட்டணத்து முதலாளி எட்டிப் பார்க்கத்தான் செய்கிறார்.

வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. கதையில் ஒரு தங்ஙள் ஏமாற்றினார் என்பதற்காக, நமக்கு அலிஃப், பே சொல்லித்தந்த ஹஜரத்துகளையெல்லாம் அதே கண்ணால் பார்க்காதீர்கள். ஒரு மூட்டையில் புழு இருந்தால் கிடங்கையே எரிப்பார் உண்டோ? நாவலாசிரியர் முஃப்தியும் அல்லர். ஹலால், ஹராம் கேட்க உலமாக்களிடமே போகவேண்டும். பெரியவர்களும், மகன் கையில் உள்ள புத்தகத்தைப் பிடுங்கும் முன் அதைப் பத்துப் பக்கமாவது படித்துவிடுவது நலம். விக்டோரியா தெருவின் தேசிய நூலகத்திலும் மற்ற வட்டார நூலகங்களிலும் தமிழ் நாவல்கள் இரவலாகக் கிடைக்கின்றன, காசு செலவில்லை.

மஹ்மூது செய்தது சரியா, அவர் இன்னும் பொறுமை காட்டியிருக்க வேண்டுமா என்பதில் நம் நண்பர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. படித்தவர்கள் நம் கூட்டத்திற்கு வந்து தங்கள் எண்ணத்தைச் சொல்லலாம். வஸ்ஸலாம்.