ரிப்போர்ட் யாருக்கு?

பித்தப்பைக் கல்லைப் பார்க்க எடுத்த ஸ்கேனில், அம்மாவின் கணையத்தின் வால் பகுதியில் ஒரு நீர்க்கட்டி தெரிந்தது. திருத்தணியில் ஸ்கேன் எடுத்த இடத்தில் ரிப்போர்ட்டை அண்ணனிடம் கொடுத்தார்கள். "வெறும் கேஸ்தான்மா" என்றான் அவன். அம்மா பயந்துவிடுவாளாம். ஆனால் எங்கள் முகங்களைப் பார்த்தே அவள் அன்றிரவு தூங்கவில்லை.

அன்பினால் மறைப்பது சரிதானா? 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: மயக்கத்தில் இருந்த பெண்ணின் கருப்பையை அவளுடைய தாயின் சம்மதத்தோடு அகற்றியது தவறு, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது அவளுடைய சம்மதமே வேண்டும். விஷயமே தெரியாதவள் எதற்குச் சம்மதிப்பாள்?

மறுநாள் நானே அம்மாவிடம் சொன்னேன். இத்தகைய கட்டிகள் பலவும் தற்செயலாகத் தெரிபவை, எல்லாம் புற்றுநோயல்ல. சிலவற்றை அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கவனித்தால் போதும். கோழைபோன்ற திரவம் கொண்ட ஒரு வகை, பெரும்பாலும் பெண்களுக்கே வருவது, புற்றுநோயாக மாறக்கூடும். அதற்கு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். எந்த வகை என்று அறிய எம்.ஆர்.ஐ. போன்ற சோதனைகள் உண்டு.

அம்மா அழுதாள். பயப்படுவதும் அவள் உரிமைதானே. பிறகு முகம் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அடுத்த ஸ்கேன் ஆடிக் கிருத்திகைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

ரிப்போர்ட் இப்போது அவள் பீரோவில் இருக்கிறது.