தொலைநோக்கியும் நற்காட்சியும்

குறி தவறாமை வீரத்தின் இலக்கணமாக நம் நாட்டில் நெடுங்காலம் போற்றப்பட்டு வந்துள்ளது. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஒருங்கே துளைத்ததாகப் புறநானூறு கூறுகிறது. இன்றும் ஆடித் திங்களில் ஓரிக்கு அம்மலையில் விழா எடுக்கப்படுகிறது. அந்த வில்லின் இடத்தை இன்று தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கி பெற்றிருக்கிறது. குறி செம்மையாக இருந்தால் செயலும் செம்மையாகிவிடுமா என்னும் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

சேலம், நாமக்கல் சமவெளிகளில் நிலம் வைத்திருப்போருக்கு இது ஏட்டுக் கேள்வி அன்று. மலையடிவாரத்து மரவள்ளியையும் நிலக்கடலையையும் காட்டுப்பன்றிகள் ஓரிரவில் கிளறிவிடுகின்றன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. எனினும் பயிரழிவை முன்னிட்டுத் தமிழக அரசு 2025 ஜனவரியில் ஒரு முறையை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றிகளைச் சுடலாகாது; 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும்; அதற்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். நம்மவர் நிலமும் அந்த எல்லைக்குள் வரும்போது, சுடும்படி நாம் வேண்டலாமா?

வேட்டைத் தொழில் அறிந்தோர் ஒரு வாதம் உரைப்பர். நல்ல தொலைநோக்கி இருந்தால் விலங்கு காயத்தோடு ஓடித் துடித்துச் சாகாது. ஒரே குண்டில் உயிர் பிரியும். ஆகவே அதுவே கருணை என்பர். அதற்காகவே அவர்கள் மிகுந்த கவனம் கொள்கின்றனர். நான்கு மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியும் 40 மில்லிமீட்டர் முன்வில்லையும் மங்கிய ஒளிக்கு ஏற்றவை என்று தேர்கின்றனர். துப்பாக்கி பின்னுக்கு உதைக்கையில் புருவத்தில் இடியாதபடி, கண்ணுக்கும் கண்ணாடிக்கும் மூன்று நான்கு அங்குல இடைவெளி விடுகின்றனர். தாங்கு வளையங்களின் திருகுகளைச் சமமாக முடுக்கி, குறுக்குக் கோடுகள் சாயாமல் நிறுத்தி, 100 மீட்டர் தொலைவில் காகித இலக்கில் சுட்டுச் சரிபார்க்கின்றனர்.

இவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. நெடுந்துன்பத்தினும் குறுந்துன்பம் குறைந்ததே. ஆனால் குறியின் செம்மை துன்பத்தின் அளவைக் குறைக்குமேயன்றிக் கொல்லும் எண்ணத்தைத் தூய்மையாக்காது. மீன் ஒன்றும் அகப்படாத நாளிலும் வலைஞனுக்குப் பாவம் உண்டு. ஏர் உழுகையில் உயிர்கள் மடிந்தும் உழவனுக்கு அவ்வளவு இல்லை. வேறுபாடு எண்ணத்தில் உள்ளது என்று நம் ஆசாரியர்கள் விளக்கினர். ஹிம்சையைச் சங்கல்பி, ஆரம்பி, உத்யோகி, விரோதி என நான்காகப் பகுத்து, எண்ணித் துணிந்து செய்யும் சங்கல்பியை இல்லறத்தார் முற்றும் விலக்கவேண்டும் என்றனர். ஆரம்பி, உத்யோகி, தற்காப்பாகிய விரோதி ஆகியவற்றில் இல்லறத்தாரின் இயலாமைக்கு இடம் தந்தனர்.

தன் பயிரைக் காப்பவனை விளையாட்டுக்காகக் கொல்பவனோடு ஒப்பிடுதல் தகாது. அதே வேளையில், சினத்தையும் இறைச்சி ஆசையையும் விரோதி என்னும் பெயரால் மறைத்தலும் ஆகாது. வரப்பைச் சுற்றிப் பழஞ்சேலை கட்டுதல், இரவுக் காவல், விளக்கு, வேலி ஆகியவற்றை முயன்று பார்க்குமுன் துப்பாக்கியை அழைப்பவன் தற்காப்பு நிலையை இன்னும் அடையவில்லை. அவுட்டுக்காய் வைத்தலும், வேலியில் நேரே மின்சாரம் பாய்ச்சுதலும் சட்டத்திற்கும் அறத்திற்கும் புறம்பானவை; அவ்வேலியில் மனிதரும் மடிகின்றனர். மனித உயிருக்கே இடர் நேர்ந்து, வேறு வழியின்றிப் பொறுப்புடையோர் செயல்பட நேரினும், அதில் நாம் மகிழ்தல் கூடாது. பிரதிக்கிரமணத்தில் அவ்வுயிரை நினைந்து மன்னிப்பு வேண்டுதல் நம் கடமை.

அக்கருவியே நமக்கு ஒரு பாடம் தருகிறது. 100 மில்லிமீட்டர் இடைவெளியில் உள்ள இரு வளையங்களில் ஒன்று பத்தில் ஒரு மில்லிமீட்டர் விலகினால், 100 மீட்டருக்கு அப்பால் குறி 10 சென்டிமீட்டர் தவறும். உள்ளத்தின் அடியில் நேரும் சிறு கோணலும் செயலில் அவ்வாறே பெருகும். மேலும், கண்ணாடி எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறதோ அவ்வளவுக்குக் காட்சியின் வட்டம் சுருங்கும். பன்றியின் தோள் தெளிவாகத் தெரியும். அருகில் நிற்கும் குட்டிகள் தெரியா.

மும்மணிகளில் முதலாவதாக நற்காட்சி வைக்கப்பட்டதன் பயனை இங்கே உணரலாம். தொலைவில் உள்ள உடலை அருகில் காட்டக் கண்ணாடி போதும். அவ்வுடலில் நம்முடையதைப் போன்றே வாழ விரும்பும் ஓர் உயிர் உண்டு என்று காட்ட நற்காட்சியே வேண்டும். அக்காட்சி முதலில் செம்மையுற்றால், எதைக் குறி வைப்பது என்பதும் எதை விட்டுவிடுவது என்பதும் தாமே விளங்கும்.