ஜெபக் குறிப்பில் ஒரு மாணவனின் பெயர்

ஜொகூரின் பத்து பாகாட் போன்ற ஊரில் பள்ளி வேலை பார்க்கும் கிறிஸ்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் இப்படி ஒரு செய்தி வந்தால் யாரும் அதிசயப்பட மாட்டார்கள். நான்காம் ஆண்டில் ஒரு பையன், பெயர் இன்னது, அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார், அம்மாவுக்குத் துணி ஆலையில் இரவு வேலை, நேற்று வகுப்பில் நாற்காலியைத் தூக்கி எறிந்தான், பாரத்தோடு ஜெபியுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் கீழே கைகூப்பிய பொம்மைகள் வரிசையாக வந்து நிற்கும். இரண்டு பேர் 'ஆமென்' போடுவார்கள். ஒருவர், 'அந்த ஃபிளாட்ஸ் வீட்டுப் பையனா?' என்று கேட்பார்.

அந்தக் கேள்வி வந்தவுடன் ஜெபக் குறிப்பு வேறு ஏதோவாக மாறிவிடுகிறது. அடங்காத மாணவனுக்காக ஆசிரியர் ஜெபிக்கலாமா என்பதில் விசுவாசிக்குச் சந்தேகம் இல்லை. அந்த ஜெபத்தில் எதைக் கேட்பது, யார் காதில் விழக் கேட்பது என்பதில்தான் சிக்கல்.

எழுதியவரைக் கரித்துக்கொட்டுவது எளிது. முப்பது பேர் உள்ள வகுப்பில் ஒருவன் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் மற்ற இருபத்தொன்பது பேருக்கும் அன்றைய பாடம் போச்சு. 'அடியாத மாடு படியாது' என்று பெற்றோரே வந்து சொல்வார்கள். ஆனால் மலேசியாவில் 1959-ஆம் ஆண்டின் பள்ளிக் கட்டொழுங்கு விதிமுறைகளின்படி பிரம்பு தலைமையாசிரியருக்கும் அவர் அதிகாரம் கொடுத்தவருக்கும் உரியது. பெண் பிள்ளைகள் மேல் யாருமே பிரம்பை நீட்டக் கூடாது. அது நல்ல விதிதான். ஆனாலும் வகுப்பில் தனியாக நிற்பவருக்குக் கையில் எதுவும் இல்லை என்றே தோன்றும்.

பழைய தமிழாசிரியருக்கு இந்தத் தொல்லை கிடையாது. யார் யாருக்குப் பாடம் சொல்லக் கூடாது என்று நன்னூல் நீளமாகவே ஒரு பட்டியல் போடுகிறது: சோம்பேறி, கர்வம் பிடித்தவன், திருடன், நோயாளி, சண்டைக்காரன், கோபக்காரன், தூங்குமூஞ்சி, மந்தபுத்திக்காரன். இன்றைக்குப் பள்ளியில் ஆசிரியரைத் திணறடிக்கும் அத்தனை பேரும் அதில் அடக்கம். அதை எழுதிய பவணந்தி முனிவர் அவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார். 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயமாக்கப்பட்ட நாட்டில் அந்த வாசலை அடைக்க யாருக்கும் உரிமை இல்லை. இது நாகரிகத்தின் பெரிய முன்னேற்றம். அதன் சுமை காலை ஏழரை மணிக்கு ஓர் ஆசிரியையின் தோளில் வந்து இறங்குகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

ஜொகூரில் கிறிஸ்தவ ஆசிரியருக்கு இன்னொரு சிரமமும் இருந்தது. 2014 முதல் 2024 முடிய இம்மாநிலத்தில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. ஞாயிறு பள்ளி நாள். 2025 ஜனவரியில்தான் பழைய வழக்கம் திரும்பியது. அந்தப் பதினோரு ஆண்டுகள், பெரும்பாலான மற்ற மாநிலங்களில் ஞாயிறு ஆராதனை நடக்கும் காலை வேளையில், இங்குள்ள அரசுப் பள்ளிக் கிறிஸ்தவ ஆசிரியர் வாரத்தின் முதல் வகுப்பில் நின்றுகொண்டிருந்தார். ஆராதனை முடிந்து சபை வாசலில் நின்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி ஆற்றிக்கொள்ள வேண்டியது கைப்பேசிக்குள் போனதற்கு இதற்கும் ஒரு பங்கு இருக்கலாம். வாசலில் சொன்ன பேச்சு காற்றோடு போகும். கைப்பேசியில் எழுதியது படமாகப் பிடிக்கப்பட்டு அடுத்த குழுவுக்குப் போகும்.

பத்து பாகாட் போன்ற ஊரில் ஆளுக்கு ஆள் தெரிந்திருக்கும். குழுவில் இருக்கும் ஒருவர் அந்தப் பையனின் அம்மா கடனுக்கு அரிசி வாங்கும் கடையில் வேலை பார்க்கலாம். இன்னொருவரின் மகள் அதே வகுப்பில் இருக்கலாம். அடுத்த ஆண்டு அவனை ஏற்கப்போகும் ஆசிரியை, அவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவன் வீட்டுக் கதையைத் தெரிந்துகொண்டு விடுகிறார். பத்து வயதில் எறிந்த ஒரு நாற்காலி பன்னிரண்டு வயது வரைக்கும் அவன் பின்னாலேயே வருகிறது. ஊர்வம்பு இதைத்தான் செய்யும்; ஆனால் ஊர்வம்புக்கு வெட்கமாவது உண்டு, குரலைத் தாழ்த்திக்கொள்ளும். ஜெபமாக வரும்போது அந்த வெட்கமும் கழன்றுவிடுகிறது.

வேதத்தைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவர்களுக்கு வேதத்திலேயே பதில் இருக்கிறது. மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் இயேசு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிக்கச் சொல்கிறார். பதினெட்டாம் அதிகாரத்தில், ஒருவன் குற்றம் செய்தால் முதலில் அவனிடம் தனியாகப் போய்ப் பேசு என்கிறார். ஓரிருவரைக் கூட்டிப் போவது அதன் பிறகு, சபைக்குத் தெரிவிப்பது கடைசியில். அது சகோதரருக்குள் நடக்கும் பிணக்கைப் பற்றியது, பள்ளிப் பிள்ளையைப் பற்றியதல்ல என்று வாதிடலாம். பெரியவருக்கே அந்த மரியாதை உண்டென்றால் எதிர்த்துப் பேச இடமில்லாத சிறுவனுக்கு அது குறையுமா?

இன்னொரு தவறு வகுப்புக்குள்ளேயே நடக்கிறது. 'நான் உனக்காக ஜெபிக்கிறேன், தெரியுமா?' என்று பையனிடமே சொல்வது. சொல்பவரின் மனசு சுத்தம்தான். ஆனால் கேட்பவன் தமிழ்ப்பள்ளியில் பெரும்பாலும் இந்துப் பிள்ளை. தேசியப் பள்ளியில் பெரும்பாலும் முஸ்லிம் பிள்ளை. மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 12-ஆவது பிரிவு, பிற மதத்து வழிபாட்டில் பங்குகொள்ள யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் மதத்தைப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் முடிவுக்கு விடுகிறது. முஸ்லிம்களிடையே பிற மதங்களைப் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்த 11-ஆவது பிரிவு இடம் தருகிறது. சட்டம் இல்லாவிட்டாலும் விஷயம் மாறாது. மதிப்பெண் போடுகிறவர் சொல்லும் ஜெபத்தை 'வேண்டாம் டீச்சர்' என்று மறுக்கும் துணிவு பத்து வயதுக்கு ஏது? கெட்டவனுக்குத்தான் ஜெபம் என்ற கணக்கும் அவனுக்கு அப்போதே புரிந்துவிடும்.

இந்த விஷயத்தில் எடுத்துக்காட்டாகக் கொள்ளத் தகுந்தவர் புனித அகுஸ்தீன். நான்காம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவின் சிற்றூர் ஒன்றில் பள்ளிப் பையனாக இருந்தபோது, பள்ளியில் அடி விழக் கூடாது என்று கடவுளை வேண்டிக்கொண்டதாகவும், பெற்றோர் உட்படப் பெரியவர்கள் அதைக் கேட்டுச் சிரித்ததாகவும் தம் 'அறிக்கைகள்' நூலில் எழுதியிருக்கிறார். பின்னாளில் கார்த்தேஜில் அவரே ஆசிரியரானார். வகுப்புக்குள் புகுந்து ரகளை செய்யும் மாணவர் கூட்டம் அவரைப் படுத்திய பாட்டில், மாணவர் ஒழுங்காக இருப்பார்கள் என்று கேள்விப்பட்டு ரோமுக்குக் கப்பலேறினார். அங்கே ரகளை இல்லை. ஆனால் சம்பளம் கொடுக்கும் நாள் வந்ததும் பிள்ளைகள் கூண்டோடு வேறு ஆசிரியரிடம் போய்விடுவார்கள். அவருக்காக ஆண்டுக்கணக்கில் அழுது ஜெபித்த தாய் மோனிக்கா, மகனிடம் வாதாடிப் பாருங்கள் என்று ஓர் ஆயரை நச்சரித்தபோது, இப்போதைக்கு அவனை விட்டுவிடு, அவனுக்காக ஜெபம் மட்டும் செய் என்றாராம் அந்த ஆயர்.

இந்தக் கதையை 'ஜெபித்தால் போதும்' என்பதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். அது அரைகுறை வாசிப்பு. அந்த மகன் வளர்ந்தவன், தன் வழியைத் தானே தேடத் தெரிந்தவன். நான்காம் ஆண்டுப் பையன் அப்படியல்ல. அதே நூலில் பெரியவர்கள் சிரித்துத் தள்ளிய சிறுவனின் ஜெபமும் இருக்கிறது. ஆசிரியை அவனுக்காக வேண்டும்போது அவனும் எங்கேயோ எதையோ வேண்டிக்கொண்டிருக்கலாம், ஒருவேளை அந்த ஆசிரியையிடமிருந்தே தப்பிக்க.

'அவனை மாற்றும் ஆண்டவரே' என்ற ஜெபத்தில் பாதி அவனுக்காக, பாதி அமைதியான வகுப்புக்காக. இரண்டாவது பாதியும் பாவமில்லை. ஆனால் அதற்கு அவன் பெயரைச் சூட்டக் கூடாது. எனக்குப் பொறுமை கொடும், அவன் சேட்டையைத் தாண்டி அவனைப் பார்க்கக் கண் கொடும் என்று கேட்பவர் அடுத்த நாள் சில சில்லறை வேலைகளைச் செய்யத் தொடங்குவார். கரும்பலகை அவனுக்குத் தெரிகிறதா என்று முன்வரிசையில் உட்கார வைத்துப் பார்ப்பார். காலையில் சாப்பிட்டானா என்று கேட்பார். எழுத்துக் கூட்டத் தெரியாததை மறைக்கத்தான் ரகளை செய்கிறானோ என்று சந்தேகப்பட்டுக் குறைநீக்கல் வகுப்பு ஆசிரியரிடம் பேசுவார். ஜெபித்த பின் இவற்றில் ஒன்றும் நடக்கவில்லை என்றால், அந்த ஜெபம் ஆசிரியைக்கு நிம்மதி தந்தது, அவ்வளவுதான்.

தளர்ந்துபோன ஆசிரியருக்குக் குழு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. 'இந்த வாரம் என்னால் முடியவில்லை, எனக்காக ஜெபியுங்கள்' என்று எழுதலாம். அதில் யார் மானமும் போகாது. பெயர் இல்லாவிட்டால் எப்படிக் கருத்தாய் ஜெபிப்பது என்பவர்களிடம் ஒன்று கேட்கலாம்: ஆண்டவருக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே தெரியும் என்றால், அது வேறு யாருக்குத் தேவைப்படுகிறது?

பெயர் தேவைப்படும் ஆட்கள் உண்டு. வீட்டில் அவன் அடிபடுகிறான், அல்லது அதைவிட மோசமான ஏதோ நடக்கிறது என்று ஆசிரியைக்குச் சந்தேகம் வந்தால், வாய்மூடி ஜெபிப்பதும் தவறுதான். பள்ளி ஆலோசக ஆசிரியரிடமும் தலைமையாசிரியரிடமும் பெயரோடு, தேதியோடு, கண்ட காயத்தோடு எழுத்தில் கொடுக்க வேண்டும். அங்கே கதவு திறக்கவில்லை என்றால் 2001-ஆம் ஆண்டின் சிறார் சட்டம் இருக்கிறது, சமூக நல இலாகா இருக்கிறது, 15999 என்ற தாலியான் காசே உதவி எண் இருக்கிறது. அப்படிப்பட்ட செய்தியைக் குழுவில் போட்டு நாற்பது 'ஆமென்' வாங்கிய பிறகு, எல்லாருக்கும் தெரியும், யாராவது ஏதாவது செய்வார்கள் என்று நாற்பது பேரும் நினைத்துக்கொண்டு தூங்கப் போய்விடுவார்கள்.