உபயம் என்று எழுதிய பஸ்

தென்காசியிலிருந்து ராஜபாளையம் போகும் அரசுப் பேருந்து கடையநல்லூர், புளியங்குடி தாண்டி வாசுதேவநல்லூரில் ஆள் ஏற்றிக்கொண்டு சிவகிரி வழியாகப் போகும். இப்படிப்பட்ட நம் ஊர்ப் பேருந்துகள் இன்று கைபேசிக்குள்ளும் ஓடுகின்றன. 2017இல் வெளியான ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’ விளையாட்டில் அந்நாட்டு வண்டியைத் தூக்கிவிட்டுத் தமிழ்நாட்டு அரசுப் பேருந்தை ஓட்டலாம். விளையாட்டை உருவாக்கிய நிறுவனம் அந்தப் பேருந்தைச் செய்யவில்லை. பஸ் பைத்தியம் பிடித்த இளைஞர்கள், ஜன்னல் கம்பி, வழித்தடப் பலகை, ஏர்ஹாரன் சத்தம் வரை பார்த்துப் பார்த்துச் செய்து, ‘மோட்’ என்ற பெயரில் சும்மா கொடுக்கிறார்கள். 2023இல் அரசுப் பேருந்துகள் மஞ்சளுக்கு மாறத் தொடங்கின. நிஜ வண்டி நிறம் மாறினால் இவர்களுக்கும் மறுபடி வேலைதான்.

கூலியில்லாமல் இப்படி ராத்திரி கண்விழிப்பது ஏன்? பேருந்தின் மேல் உள்ள ஆசை ஒரு காரணம். அந்த வண்டியை அறிந்த நாலு பேர் ‘அப்படியே இருக்கு’ என்று சொல்வது இன்னொன்று. புகழுக்குச் செய்வது கொடை ஆகுமா என்று கேட்கலாம். திருக்குறளில் ‘ஈகை’ அதிகாரத்துக்கு அடுத்ததே ‘புகழ்’தான். பெயர் வேண்டும் என்பதால் மட்டும் கொடை கெட்டுவிடாது.

சங்கடம் வேறு இடத்தில் இருக்கிறது. மோட் பெருகப் பெருக விளையாட்டுக்கு ஆயுள் கூடும். அந்த லாபம் நிறுவனத்துக்கு. அப்படியானால் செய்தவருக்குக் காசு கொடுத்துவிடலாமே? 2015 ஏப்ரலில் ‘ஸ்கைரிம்’ விளையாட்டின் மோட்களை விற்க வால்வ், பெதஸ்டா நிறுவனங்கள் வழி செய்தன. செய்தவருக்கு நூற்றுக்கு 25, மீதி நிறுவனங்களுக்கு. எதிர்ப்பு கிளம்பி, சில நாட்களிலேயே திட்டம் கைவிடப்பட்டது. எதிர்த்தவர்களில் காசு கொடுக்க மனமில்லாதவர்களும் உண்டு. ஆனால் ஒரு நியாயமான கேள்வியும் அதில் இருந்தது: ஒரு மோட் இன்னொருவர் மோடின் மேல் கட்டப்பட்டிருக்கும்போது, விலையில் யாருக்கு எவ்வளவு பங்கு?

2020இல் பிளிசார்ட் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போனது. தன் ‘வார்கிராஃப்ட் 3’ விளையாட்டுக்குள் ரசிகர்கள் உருவாக்கும் ஆட்டங்கள் எல்லாம் தனக்கே உரிமை என்று விதி எழுதியது. இங்கேதான் கோடு தாண்டப்படுகிறது. கோயிலுக்கு உபயமாகக் கொடுத்த டியூப்லைட் கோயிலுக்குச் சொந்தம். கொடுத்தவர் கோயிலை நினைத்துக் கொடுத்தார். மோட் செய்கிறவர் நினைப்பது விளையாடுகிறவர்களை; நிறுவனத்துக்கு யாரும் உபயம் எழுதுவதில்லை. இடம் கொடுத்தவர் இடத்துக்கு உரிமை கோரலாம். அங்கே ஒருவர் பந்தியில் பரிமாறியதைத் தன் சமையல் என்று சொல்லலாமா?

நிறுவனத்தை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போகவும் முடியாது. ஒருவர் மாதக்கணக்கில் செய்த பேருந்தில் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுப் பரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதைக் காசுக்கு விற்கிறவர்களும் இருக்கிறார்கள். இலவசமாகத்தானே கிடைத்தது என்பது அவர்கள் வாதம். விலையை விட்டுக்கொடுத்தவர் பெயரையும் விட்டுக்கொடுத்தார் என்று எப்படி ஆகும்? காசு வாங்காதவருக்குக் கிடைக்கக்கூடியது அந்தப் பெயர் ஒன்றுதான். அதைத் திருடுவது விற்பனைப் பொருளைத் திருடுவதைவிட மோசம்.

கொடுக்கிறவருக்கும் ஒரு நேர்மை வேண்டும். கோப்பைப் பூட்டிவிட்டு, முழுக்கப் பார்க்கவைக்கப் பாஸ்வேர்டைத் தன் காணொளியின் கடைசியில் ஒளித்துவைத்தால் அது கொடை அல்ல, கூலி. கூலி கேட்பதில் தப்பில்லை. கூலியைக் கொடை என்று சொல்வதுதான் தப்பு.

உபய டியூப்லைட்டில் பெயர் பாதி வெளிச்சத்தை மறைக்கிறது என்று நாம் கேலி செய்வதுண்டு. கேலி செய்தாலும், யாரும் அதைச் சுரண்டிவிட்டுத் தன் பெயரை எழுதுவதில்லை. சித்திரை வெயிலில் தண்ணீர்ப் பந்தலில் குடித்துவிட்டு ‘மோர் ஏன் இல்லை’ என்று சண்டை போடுவதும் இல்லை. ‘அடுத்த பஸ் எப்போ, இன்னும் ஏன் வரல?’ என்று மோட் செய்தவரை அதட்டுகிற விரல்கள், அந்தப் பந்தலில் குவளையை நீட்டிய கையை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம்.