எழுத்தும் அதன் அக்கம்பக்கமும்

பெர்ல் நிரல்மொழியில் உரையைத் திருத்த இரண்டு வழிகள் உண்டு. 'டிஆர்' ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து, பட்டியலில் அதற்கு நேரே உள்ளதை வைத்துவிட்டு நகரும். 'எஸ்' ஒரு பேட்டர்னைத் தேடி, அகப்பட்ட துண்டையே மாற்றும். பலரும் எதற்கெடுத்தாலும் இரண்டாவதைத்தான் எடுக்கிறார்கள், அதற்கு வலு அதிகம் என்பதால். அந்தக் காரணம் எனக்குப் போதவில்லை.

டிஎன்ஏ இழையின் இணையை எழுத வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். ஏ இருந்த இடத்தில் டி, டி இருந்த இடத்தில் ஏ. சி-யும் ஜி-யும் அதேபோல் இடம் மாறும். 'எஸ்' கொண்டு முதலில் ஏ-க்களை டி ஆக்கி, அடுத்த வரியில் டி-க்களை ஏ ஆக்கினால் இழையில் ஒரு டி கூட மிஞ்சாது. எது எதுவாக இருந்தது என்பதை இனி மீட்கவும் முடியாது. 'டிஆர்' இதை ஒரே நடையில் முடித்துவிடும். தான் வைத்த எழுத்தை அது மறுபடி தொடுவதில்லை.

பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் தட்டிய பழைய கோப்பை யூனிக்கோடுக்குக் கொண்டுவரும்போது கதை தலைகீழ். அங்கே 'கொ' என்பது என், எஃப், எச் என்ற மூன்று சாவிகள்: முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு கால். கண்ணுக்குத் தெரியும் வரிசை அது. யூனிக்கோடோ க-வை முன்னே வைத்து, ஒகரக் குறியை ஒரே குறியாகப் பின்னே வைக்கிறது. எழுத்துக்கு எழுத்து மாற்றினால் கொம்பு புள்ளிவட்டத்தோடு தனியே நிற்கும், பக்கத்தில் 'கா' நிற்கும். கொம்பு யாருடையது என்பதை அதற்கு அடுத்து வரும் எழுத்துதான் சொல்லும்.

ஆகவே கருவியின் வலு இரண்டாம் பட்சம். இந்த எழுத்து தன் பொருளைத் தானே வைத்திருக்கிறதா, அக்கம்பக்கத்திடம் கொடுத்து வைத்திருக்கிறதா என்பதே முதல் கேள்வி. உரையை ஊன்றிப் படிக்காமல் அதற்கு விடை கிடையாது.

சில இடங்களில் ஒரு எழுத்து தள்ளிப் பார்ப்பதும் போதாது. பாமினியில் ஔகாரத்தின் பின்பாதியும் ள-வும் ஒரே சாவி. கொம்பு, த, ள வந்தால் 'தௌ' என்று அவசரப்பட்டு மாற்றும் நிரல் 'தெளிவு' என்ற சொல்லை உடைத்துவிடும்; ள-வுக்குப் பின்னால் இகரக் குறி காத்திருப்பதை அது பார்க்கவில்லை. நீண்ட பேட்டர்ன்களை முதலில், குறுகியவற்றைப் பிறகு ஓட்டுவது இதனால்தான். அவை முடிந்தபின் எஞ்சும் அ, ஆ, இ போன்ற தனி எழுத்துகளை 'டிஆர்' பட்டியலிடமே நிம்மதியாக விட்டுவிடலாம்.