காத்திருப்பது நோன்பாகுமா?

இன்று கிடைக்கும் 50 வெள்ளியையும் மூன்று மாதம் கழித்துக் கிடைக்கும் 100 வெள்ளியையும் ஒருவர் முன் வைத்தால், நாள் தள்ளத் தள்ள நூறின் மதிப்பு அவர் மனத்தில் சுருங்கிக்கொண்டே போவதை உளவியலார் காலத் தள்ளுபடி என்பர். போதைக்கு அடிமைப்பட்டோரிடம் இச்சுருக்கம் விரைந்து நிகழ்வதாக ஆய்வுகள் காட்டினும், கஞ்சாவைப் பொறுத்தவரை அத்தொடர்பு மெல்லியதே. கஞ்சாவின் போதைக்கூறான டி.எச்.சி.யைக் கொடுத்துச் சோதித்து, சிகாகோ ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட முடிவில் இத்தெரிவு மாறவே இல்லை. எனவே கஞ்சா பொறுமையைக் கெடுக்கிறது என்பதினும், பொறுமை குன்றியோர் அதை நாடுகின்றனர் என்பதற்கே இடம் மிகுதி.

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரிடையே இப்பொறுமையின்மைக்கு மாற்றாகச் சுட்டப்படுவது தைப்பூச விரதம். புலாலும் மதுவும் நீக்கி, தரையில் படுத்து, 48 நாள் நோன்பிருந்து, பத்துமலையின் 272 படிகளைக் காவடியோடு ஏறுபவர் காத்திருக்கக் கற்றவர்தாம். ஆனால் நோன்பு முடிந்த மறுநாளே பழைய புட்டியைத் தேடுபவர் இன்பத்தைத் துறக்கவில்லை, தவணையில் வைத்திருந்தார், அவ்வளவே. கடோபநிடதத்தில் நசிகேதனிடம் யமன் பிரித்துக் காட்டும் பிரேயஸும் சிரேயஸும், அதாவது இனியதும் நன்மையானதும், சிறிய இன்பமும் பெரிய இன்பமும் அல்ல. அவை இனத்திலேயே வேறானவை. சைவ சித்தாந்தம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது: நல்வினைப் பயனையும் தீவினைப் பயனையும் விருப்பு வெறுப்பின்றி ஒன்றாக நோக்கும் இருவினையொப்பு வாய்க்காதவரை, பெரிய பயனுக்காகப் பொறுத்திருப்பவரும் பயனில் கட்டுண்டவரே. கஞ்சாவைச் சிவமூலிகை என்று பெயரிட்டுப் புகைப்போர், கள்ளின் மயக்கத்தைச் சிவானந்தத்துக்கு எதிர்நிறுத்திக் கடிந்த திருமூலரைத் துணைக்கு அழைக்க இயலாது.

ஆயினும் பொறுமையின்மை முழுவதையும் ஆசையின் கணக்கில் எழுதிவிடுவது நேர்மையன்று. அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட சோதனையில், வாக்குக் கொடுத்து ஏமாற்றப்பட்ட குழந்தைகள் பொறுத்திருந்தால் கிடைக்கும் இரண்டாவது இனிப்புக்குக் காத்திராமல் கையிலிருந்ததை விரைவில் உண்டனர். வாக்குக் காக்கப்பட்ட குழந்தைகளோ நெடுநேரம் பொறுத்திருந்தனர். சிலாங்கூரின் ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் வீடமைப்புக்கென விற்கப்பட்டபோது வேலையையும் லயத்து வீட்டையும் ஒருசேர இழந்த குடும்பங்களின் பிள்ளைகள், நாளை என்பதை ஐயுறக் கற்றிருந்தால் அதை மனக்கோளாறு என்று எவ்வாறு சொல்வது? தண்டனைக்கும் இதே கணக்குப் பொருந்தும். 200 கிராம் கஞ்சா வைத்திருப்போரைக் கடத்தல்காரராக அனுமானிக்கும் மலேசியச் சட்டத்தில் 1983-இல் கட்டாயமாக்கப்பட்ட மரண தண்டனை, 2023-இல்தான் முற்றாக நீதிபதியின் விருப்புரிமைக்கு விடப்பட்டது. எதிர்காலத்தையே தள்ளுபடி செய்பவருக்கு எதிர்காலத் தூக்குக் கயிறும் தள்ளுபடி விலையில்தான் தோன்றும்.

ஆகையால், பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் உள்ள ஆலய நிர்வாகங்கள் இளைஞரிடம் 48 நாள் பொறுமையைக் கேட்பதோடு நின்றுவிடலாகாது; அவர்களுக்கென ஒரு வகுப்பையோ தொழிற்பயிற்சியையோ அறிவித்தால், திருவிழா முடிந்தபின்னும் ஆண்டு முழுவதும் அதை நடத்திக் காட்ட வேண்டும்.